உட்கார வைத்த ஒரு வருடம்

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். வேறு கல்லூரியில் படித்துவிட்டு இங்கே மாறி வருகிற மாணவர்களின் மதிப்பெண் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, அங்கே படித்த எந்தப் பாடம் இங்கே செல்லும், எது செல்லாது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. விளையாட்டுக்கும் எனக்கும் இதற்கு முன் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கூடைப்பந்தில் ஒரு அணிக்கு எத்தனை பேர் என்பதைக்கூட இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

2022 ஆகஸ்டில் எங்கள் கூடைப்பந்து அணிக்கு ஆட மாறி வந்த ஒரு பையன் வந்தான். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் அறைக்கதவில் தலை இடிக்காமல் இருக்க, குனிந்து உள்ளே நுழைந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர். அதில் அவன் படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் அச்செடுத்து, ஓரத்தில் வண்ணச் சீட்டு ஒட்டி வைத்திருந்தான். முதல் வருடம் மேற்குக் கடற்கரையில் ஒரு கம்யூனிட்டி காலேஜ். இரண்டாம் வருடம் அதே பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம். இப்போது எங்களிடம். கணக்கியல் படிக்க வேண்டும் என்றான். "தொண்ணூறு கிரெடிட் இருக்கு மேடம்" என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

படித்து முடித்த பாடத்தின் அளவைச் சொல்கிற எண்தான் கிரெடிட். அந்தத் தொண்ணூறு எங்கள் கணக்கில் அறுபது. அவன் படித்த இரண்டு இடங்களிலும் வருடத்தைக் குவார்ட்டர் முறையில் பிரித்திருந்தார்கள். இங்கே செமஸ்டர். குவார்ட்டர் கிரெடிட்டை மூன்றில் இரண்டாகக் குறைத்துத்தான் செமஸ்டர் கிரெடிட் ஆக்க வேண்டும். அதுவரை சரி, அதில் அவனுக்கு நஷ்டம் எதுவும் இல்லை, அளவுகோல்தான் வேறு. ஆனால் அந்த அறுபதில் கணக்கியல் பட்டத்துக்கு உதவுபவை 43தான். மீதி 17 விருப்பப் பாடம் என்ற பெயரில் பட்டியலில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கிற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், அதாவது என்.சி.ஏ.ஏ., 2003ல் முதல் வருடம் சேர்ந்தவர்களிலிருந்து ஒரு கணக்கைக் கொண்டுவந்தது. முதல் டிவிஷனில், அதாவது அதன் மேல்நிலைப் பிரிவில், ஆடுகிறவர் இரண்டு வருடம் முடிக்கும்போது பட்டத்தில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும். மூன்றாம் வருட முடிவில் 60, நான்காம் வருட முடிவில் 80. எடுத்திருக்கும் பட்டத்துக்கு உதவுகிற பாடம் மட்டும்தான் இந்தக் கணக்கில் வரும். 120 கிரெடிட் பட்டத்தில் 40 சதவீதம் என்றால் 48. அவனிடம் இருந்தது 43. ஐந்து கிரெடிட்டில் ஒரு சீசன் போகிற நிலைமை.

இந்த விதி எல்லா விளையாட்டு மாணவர்களுக்கும் பொதுதான். ஆனால் ஒரே இடத்தில் இருப்பவனுக்கு அவன் படித்தது பெரும்பாலும் செல்லும். மாறி வருகிறவனுக்குத்தான் பாதி வழியில் தரை நழுவும். அவன் ஃபோல்டரிலிருந்து இரண்டு சிலபஸை எடுத்து, துறைகளுக்கு அனுப்பி மறுபடி பார்க்கச் சொன்னேன். ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். புள்ளியியல் பாடம் திரும்பி வந்தது. எங்கள் வணிகப் பள்ளி கேட்கிற புள்ளியியல் வேறு. 43 என்பது 46 ஆனது. அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்த வாரம் அவனுடைய பட்டம் கணக்கியலிலிருந்து பொதுக்கல்விப் பட்டமாக மாறியிருந்தது. அந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடமும் உதவும். யார் சொல்லிக்கொடுத்தார்களோ, எனக்குத் தெரியாது; விதிப்படி அதில் எந்தத் தப்பும் இல்லை. நவம்பரில் ஆடினான். படிப்பைக் காப்பாற்ற வந்த விதி, அவன் படிக்க நினைத்த படிப்பிலிருந்தே அவனை எடுத்துவிட்டது. அந்த ஃபோல்டரின் வண்ணச் சீட்டுகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

கையெழுத்து வாங்க வந்தபோது அவன் கேட்டான்: "சாதாரண ஸ்டூடண்ட் மாறினா யாரும் கேட்கிறதில்லையே, எங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சட்டம்?" ஆபீசில் எல்லாரும் சொல்கிற பதிலை நானும் சொன்னேன்: உன் படிப்பு நன்மைக்குத்தான். சொன்ன எனக்கே அது போதவில்லை. அதற்கப்புறம் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

கதை 1890களில் தொடங்குகிறது. 1896ல் ஃபீல்டிங் யோஸ்ட் என்பவர் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டு ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார். நம் ஊர் ஃபுட்பால் இல்லை, அமெரிக்க ஃபுட்பால். அந்த இலையுதிர் காலத்தில் லஃபாயெட் கல்லூரி அணி அவருடைய அணியோடு மோதியது. எதிரணிக்கு அவரைப் பிடித்துப்போனது. அக்டோபர் 24ஆம் தேதி லஃபாயெட்டுக்கு ஒரு பெரிய ஆட்டம் இருந்தது, பல சீசனாகத் தோல்வியே காணாத பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோடு. யோஸ்ட் திடீரென்று லஃபாயெட் மாணவர் ஆனார். ஆட்டத்தில் இறங்கினார். லஃபாயெட் 6-4 என்று ஜெயித்தது. கொஞ்ச நாளில் யோஸ்ட் மேற்கு வர்ஜீனியாவுக்கே திரும்பி, அடுத்த வருடம் அங்கேயே சட்டப் பட்டமும் வாங்கிவிட்டார். பின்னாளில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெரும் பெயர் பெற்ற கோச் இவர்தான்.

யோஸ்ட் ஒருவர் மட்டும் இப்படிச் செய்யவில்லை. ஊர் ஊராகப் போய் ஆடியவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். 'நாடோடி வீரர்' என்றே அவர்களுக்குப் பெயர் இருந்தது. வேறு பெயரில் ஆடியவர்கள் உண்டு, வகுப்பறைப் பக்கம் தலை காட்டாமலே ஆடியவர்கள் உண்டு. யோஸ்ட் கதைக்கு முன்பே தொடங்கிவிட்ட இந்தச் சீரழிவைப் பார்த்துத்தான் 1895 ஜனவரியில் சிகாகோவின் பாமர் ஹவுஸ் ஓட்டலில் ஏழு பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடினார்கள். பர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் கூட்டிய கூட்டம் அது. இன்று பிக் டென் என்று சொல்கிற கல்லூரி விளையாட்டு அமைப்பின் விதை அங்கேதான் விழுந்தது. அவர்கள் கேட்டதன் சாரம் மிக எளிது: ஒரு கல்லூரிக்காக ஆடுகிறவன் அந்தக் கல்லூரியில் உண்மையிலேயே படிக்கிறவனாக இருக்க வேண்டும். வந்து சேர்ந்த உடனே ஆடக்கூடாது, கொஞ்ச காலம் தங்கிப் படித்துக் காட்ட வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு எந்த மறுப்பும் தோன்றவில்லை. இன்றும் இல்லை. அந்த அறையில் நான் இருந்திருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன்.

அந்தக் 'கொஞ்ச காலம்' பிறகு ஒரு வருடம் என்று நிலைத்தது. 1906ல் உருவான என்.சி.ஏ.ஏ. காலப்போக்கில் அதைத் தேசிய விதியாக்கியது. புதுக் கல்லூரியில் ஒரு வருடம் படிக்கலாம், அணியோடு பயிற்சி செய்யலாம், ஸ்காலர்ஷிப் வாங்கலாம். ஆட்டத்தில் மட்டும் இறங்க முடியாது. ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன் ஆடி முடிக்க வேண்டும் என்ற கெடுவோ, உட்கார்ந்திருக்கும் அந்த வருடத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும். இடம் மாறினால் கிரெடிட் போகும், புது ஊர், புது ஆசிரியர்கள், முதலில் காலூன்றட்டும் என்பது அதிகாரபூர்வமான காரணம்.

கிரெடிட் போகும் என்பது பொய்யில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2017ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்தார்கள் என்று அது மதிப்பிட்டது. விளையாட்டு வீரர்கள் மட்டும் இல்லை, எல்லா மாணவர்களும் சேர்த்து. அந்த எண்ணைப் பார்த்து என் சக ஊழியர்கள் அதிர்ந்தார்கள், நான் அதிரவில்லை. நாள் முழுக்க அந்த இழப்பை என் கையாலேயே எழுதுகிறவள் நான்.

ஆனால் காலூன்றுவதுதான் காரணம் என்றால், பள்ளியிலிருந்து நேராக வருகிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத்தானே அது முதலில் வேண்டும்? ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. முதல் வருட மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட முடியாது. 1972ல் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். முதல் வருடப் பிள்ளைகளுக்கென்று தனி அணி வைத்துச் செலவு செய்ய முடியவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். புதிதாக வருகிறவன் முதல் நாளே ஆடலாம், இரண்டு வருடம் கல்லூரி பார்த்துவிட்டு மாறி வருகிறவன் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்று ஆனது. படிப்பு நன்மை என்ற வாதம் அந்த வருடமே பாதி உடைந்துவிட்டது என்பேன்.

அடுத்த வருடமே, 1973ல், நான்கு வருட ஸ்காலர்ஷிப்பை வருடாவருடம் புதுப்பிக்கிற ஸ்காலர்ஷிப்பாக மாற்றினார்கள். கோச்சுக்குப் பிடிக்கவில்லை என்றால் ஜூலையில் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். பல வருட ஸ்காலர்ஷிப் மறுபடி வந்தது 2012ல்தான். கல்லூரி ஒரு வருடத்துக்கு மட்டும் வாக்குக் கொடுக்கும். மாணவன் விட்டுப் போனால் அதற்கு ஒரு வருடம் விலை கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த ஒரு வருடம் எல்லா விளையாட்டுக்கும் ஒன்றுபோல் இருக்கவில்லை. டென்னிஸ், நீச்சல், கோல்ஃப் ஆடுகிறவர்கள், பழைய கல்லூரி சம்மதித்தால், ஒரு முறை மாறி உடனே ஆட முடிந்தது. ஃபுட்பால், ஆண்கள் கூடைப்பந்து, பெண்கள் கூடைப்பந்து, ஆண்கள் ஐஸ் ஹாக்கி, அப்புறம் பேஸ்பால், இந்த ஐந்துக்கும்தான் கண்டிப்பாக உட்கார வேண்டும் என்ற நிலை 2021 வரை இருந்தது. அந்த விளையாட்டுகளில்தான் பட்டம் முடிக்கிறவர்கள் குறைவு என்று காரணம் சொன்னார்கள். அரங்கம் நிறைவதும், டிவி பணம் கொட்டுவதும், கறுப்பின மாணவர்கள் அதிகம் ஆடுவதும் ஃபுட்பாலிலும் கூடைப்பந்திலும்தான். இதை யாரும் விதிப்புத்தகத்தில் எழுதவில்லை. ஆனால் யார் கையில் கயிறு, யார் காலில் முடிச்சு என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கோச்சுகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இரண்டு வருடம் பாடுபட்டு ஒரு பிள்ளையை ஆட்டக்காரனாக்கினால், பக்கத்து மாநிலத்துப் பெரிய கல்லூரி வந்து கொத்திக்கொண்டு போய்விடும். சின்னக் கல்லூரி நாற்றங்கால் ஆகிவிடும். நாற்று இங்கே, அறுவடை வேறு வயலில். அந்தப் பயம் உண்மையான பயம். இப்போது ஒவ்வொரு வசந்த காலத்திலும் அதுதான் நடக்கிறது.

ஆனால் கோச்சுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்பதுதான் என்னால் ஜீரணிக்க முடியாத இடம். 2021 நவம்பர் கடைசியில் ஃபுட்பால் கோச் லிங்கன் ரைலி ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தை விட்டுத் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். உடனேயே இன்னொரு ஃபுட்பால் கோச் பிரையன் கெல்லி நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தை விட்டு லூயிசியானா ஸ்டேட்டுக்குப் போனார். யாரும் அவர்களை ஒரு வருடம் உட்கார வைக்கவில்லை. அவர்களை நம்பிக் கையெழுத்துப் போட்ட பிள்ளைகளுக்குப் பழைய விதி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

என்ன ஆகும் என்பது 2014ல் தெரிந்தது. லெட்டீசியா ரொமேரோ ஸ்பெயினின் கேனரித் தீவுகளிலிருந்து கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்து ஆட வந்த பெண். முதல் வருடமே அணியின் முன்னணி ஆட்டக்காரர். அந்த மார்ச்சில் அவரை அழைத்துவந்த கோச்சைப் பல்கலைக்கழகம் வேலையிலிருந்து நீக்கியது. ரொமேரோ வேறு கல்லூரிக்குப் போகிறேன் என்றார். பல்கலைக்கழகம் விடுவிக்க மறுத்தது. மேல்முறையீடும் தோற்றது. டி.சி. கேட்டுப் போய்க் கல்லூரி அலுவலக வாசலில் நின்றவர்களுக்கு இது புரியும். அன்றைய விதிப்படி, விடுவிப்பு இல்லாவிட்டால் வேறு கல்லூரி கோச் அவரோடு பேசவே கூடாது, முதல் வருடம் ஸ்காலர்ஷிப்பும் தரக்கூடாது. கடல் கடந்து வந்த பெண் அந்த ஒரு வருடப் பணத்துக்கு எங்கே போவார்? செய்தி நாடு முழுக்கப் பரவி, பலரும் கேள்வி கேட்ட பிறகு ஜூனில் விடுவித்தார்கள். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் சேர்ந்தார். படிப்பு நன்மை என்ற காரணத்தை இந்தக் கதையில் எங்கே வைப்பது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வைக்க இடமே இல்லை.

அதன்பிறகு விதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2018 அக்டோபர் 15ல், மாற நினைக்கிறவர்களின் பெயரைப் பதிவு செய்கிற இணையப் பட்டியலான டிரான்ஸ்பர் போர்ட்டல் வந்தது. அனுமதி கேட்பது போய், தகவல் சொல்வது என்றானது. 2021 ஏப்ரலில், எந்த விளையாட்டானாலும் முதல் முறை மாறுகிறவர் உடனே ஆடலாம் என்றார்கள். அதே வருடம் ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கவும் வழி பிறந்தது. இரண்டாம் முறை மாறினால் மட்டும் பழைய ஒரு வருடம் இன்னும் காத்திருந்தது.

அதுவும் விழுந்த இடம், யோஸ்ட் கிளம்பிப் போய்த் திரும்பி வந்த அதே மேற்கு வர்ஜீனியா. ரேக்வான் பேட்டில் வாஷிங்டன் மாநிலத்தின் துலாலிப் பழங்குடியைச் சேர்ந்த கூடைப்பந்து வீரர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து மொன்டானா ஸ்டேட் போனார். 2023ல் அங்கே அவருடைய கோச் வேறு வேலைக்குப் போய்விட்டார். பேட்டில் மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்தார். இங்கே அவரை அழைத்த கோச்சும் ஜூனில் பதவி விலகினார். மனநலக் காரணங்களைச் சொல்லிப் பேட்டில் விலக்குக் கேட்டார். என்.சி.ஏ.ஏ. மறுத்தது. ஒஹாயோவோடு இன்னும் ஆறு மாநிலங்கள் சேர்ந்து டிசம்பரில் வழக்குப் போட்டன. போட்டி போடுகிற நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஆட்களின் போக்குவரத்தைத் தடுக்கக்கூடாது என்கிற ஏகபோக எதிர்ப்புச் சட்டம்தான் அடிப்படை. டிசம்பர் 13ல் நீதிபதி ஜான் பிரெஸ்டன் பெய்லி விதிக்குத் தற்காலிகத் தடை போட்டார். பேட்டில் அதே வாரத்தில் களத்தில் இறங்கினார். ஜனவரியில் நீதித்துறை அமைச்சகமும் வழக்கில் சேர்ந்தது. 2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. தானாகவே விதியை மாற்றியது, மே மாதம் வழக்கில் சமரச உடன்பாடும் வந்தது. இனி எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், உடனே ஆடலாம். பழைய இடத்தில் நல்ல நிலையில் விட்டு வந்திருக்க வேண்டும், புது இடத்தில் பட்டத்துக்கான முன்னேற்றக் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

அன்று செய்தியைப் படித்துவிட்டு எழுந்து நின்று கை தட்டினேன். மறுநாள் காலை உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. மற்ற எல்லாக் கதவுகளும் திறந்துவிட்டன, மீதியிருக்கிற ஒரே கதவு என் மேஜைதான். ஒரு பிள்ளை நவம்பரில் ஆடுமா ஆடாதா என்பது, அவன் படித்த புள்ளியியல் எங்கள் புள்ளியியலா இல்லையா என்பதில் வந்து நிற்கிறது.

விதி போனது நியாயம். கல்லூரிகளுக்கு அது வசதியாக இருந்ததால்தான் இத்தனை காலம் நின்றது. படிப்பு அதற்கு முகமூடி. ஆனால் முகமூடிக்குப் பின்னால் உண்மையும் கொஞ்சம் இருந்தது என்பதை மறக்க முடியவில்லை. மூன்று வருடத்தில் மூன்று கல்லூரி பார்த்த பிள்ளை 80 கிரெடிட்டோடு வருகிறான், எந்தப் பட்டத்துக்கும் முழுசாக உதவாத 80. 2025-26ல் ஒரு கல்லூரி தன் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகச் சுமார் 2 கோடி டாலர் வரை கொடுக்கலாம் என்று ஆகியிருக்கிறது. அந்தப் பணத்தைப் பேச ஏஜென்ட் இருக்கிறார். கிரெடிட்டைப் பேச யாரும் இல்லை. புதிதாக அழைக்கிற கல்லூரி, கையெழுத்து வாங்குவதற்கு முன்பே, எத்தனை பாடம் எந்தப் பட்டத்துக்குச் செல்லும் என்று எழுதித் தர வேண்டும் என்று ஒரு விதி போட்டால் என்ன? மாணவனைக் கட்டாமல் கல்லூரியைக் கட்டுகிற விதி அது. நூற்றுமுப்பது வருடத்தில் அந்தத் திசையில் யோசித்தவர்கள் குறைவு.

சென்ற வசந்தத்தில் எங்கள் வாலிபால் அணிப் பெண் ஒருத்தி மதிய உணவு நேரத்தில் வந்தாள். வெளியே போகிறவர்களின் கணக்கு என் வேலையில்லை. ஆனால் போர்ட்டலில் பெயர் போடுவதற்கு முன்பே கேட்க வந்த முதல் ஆள் அவள்தான். பெயரைப் போட்டுவிட்டால், அந்த செமஸ்டர் முடிந்ததும் ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக் கல்லூரிக்கு உரிமை உண்டு. அவளுக்கு அது தெரிந்திருந்தது. "அங்க போனா என்னோட படிப்புல எவ்வளவு மிஞ்சும்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்துக்கு எது சமம் என்று இணையத்தில் பட்டியல் போட்டிருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொரு பாடமாகத் தேடினோம். அவள் படிக்க, நான் டிக் போட்டேன். அவளிடம் 71 கிரெடிட். அவளுடைய செவிலியர் படிப்புக்கு அங்கே செல்லுபடியாவது 58. வேதியியல் ஆய்வகப் பாடத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, அங்கே யாரிடம் கேட்க வேண்டும் என்று அலுவலகத்தின் பெயரையும் எழுதினேன். அவள் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். பிறகு தாளை நான்காக மடித்து ஜெர்சிப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு மணிப் பயிற்சிக்கு ஓடினாள்.